அக்காவுக்காகப் பூசிய சுவர்

என் அக்காவின் கணவருக்கு வேலை நடக்கும் இடத்தில் ரசமட்டம் என்று பெயர். சுவர் நேராக இருக்கிறதா என்று வைத்துப் பார்ப்பார்களே, நடுவில் கண்ணாடிக் குமிழி உள்ள கட்டை, அதன் பெயரைத் தூக்கி மனிதருக்கு வைத்துவிட்டார்கள். பட்டப்பெயர் வைப்பதில் கட்டட வேலைக்காரர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அதே கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருக்கும் எனக்கும் ஒன்று வைத்திருக்கிறார்கள். அதை நான் இங்கே சொல்லப்போவதில்லை.

பூச்சு வேலையில் அவர் கெட்டிக்காரர். அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. அவர் பூசிய சுவரில் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தாலும் மேடு பள்ளம் தெரியாது. ஒருமுறை மேஸ்திரி, மூலை கொஞ்சம் சாய்ந்த மாதிரி இருக்கிறதே என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். இவர் மறுபேச்சுப் பேசாமல் முழுச் சுவரையும் கொத்திப் போட்டுவிட்டு மறுபடி பூசினார். மூலை முதலிலேயே சரியாகத்தான் இருந்தது. மேஸ்திரி அன்றைக்குக் கண்ணாடி போட மறந்து வந்திருந்தார்.

கல்யாணமான வாரம் புதுக் கட்டிலின் மேல் அந்தக் கட்டையை வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்துச் செருகினாராம். "குமிழி நடுவுல வந்து நின்னப்புறம்தான்டா என்னை உக்காரவே விட்டாரு" என்று அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அவள் சிரித்தாள். எனக்கு அப்போதே கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அந்த மனுஷன் அவளுக்கென்று ஒரு கைக்குட்டை வாங்கித் தந்து நான் பார்த்ததில்லை. கெட்டவர் இல்லை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். வேலையை மட்டும் குறை சொல்லிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அக்காவுக்கு ஒரு காய்ச்சல் வந்து அவளை ஒரு மாதம் படுக்கவைத்துவிட்டது. எழுந்தபோது அவளுக்கு வேர்ப்பது நின்றுபோயிருந்தது. கேட்க நல்ல வரம் போலத் தெரியும். டாக்டர் அத்தானையும் என்னையும் உட்காரவைத்துச் சொன்னார்: நரம்பில் கோளாறு, வேர்வை வராது, உடம்பில் ஏறிய சூடு வெளியே போக வழியில்லை, வெயில் காலத்தில் இவர்களைக் குளிர்ச்சியான இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் உயிருக்கே ஆபத்து. அத்தான் தலையை ஆட்டினார். வெளியே வந்ததும் ஆஸ்பத்திரிச் சுவரைத் தடவிப் பார்த்து, "என்னடா பூசியிருக்கானுங்க" என்றார்.

கம்பெனி கொடுத்த வரிசை வீடுகளில் அவர்களுடையது மேற்குக் கோடியில் கடைசிக்கு முந்தின வீடு. மேலே வெறும் கான்கிரீட் தளம். பகல் பதினொன்றுக்குப் போகிற மின்சாரம் நாலு மணிக்குத்தான் வரும். எங்கள் பக்கத்து வெயிலுக்கு ஒரு குணம் உண்டு, பகலில் போட்டு வாட்டும், பொழுது சாய்ந்தால் குளிர்ந்துவிடும். ஆனால் அந்த ஐந்து மணி நேரத்தை அக்கா எப்படித் தாண்டுவாள் என்பதுதான் ஒவ்வொரு வருஷமும் எங்கள் கவலை. ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு தரையில் படுத்திருப்பாள். என் வீடு கீழ்த்தளம், இரண்டு பக்கமும் மரம். வெயில் முடிகிறவரை என்னோடு இருக்கட்டும் என்று நானும் என் மனைவியும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தோம். இரண்டு கோடை அப்படித்தான் வந்து இருந்தாள். மூன்றாவது கோடைக்கு முன்னால்தான் மெழுகு வந்தது.

அது என் ஸ்டோருக்குத்தான் வந்தது, இருபது மூட்டை. பிரித்துப் பார்த்தால் வெள்ளை மாவு. கூடவே வந்த இன்ஜினியர் பொண்ணு, வயது இருபத்தாறு இருக்கும், ஒரு சிட்டிகையை என் உள்ளங்கையில் போட்டு விளக்கினாள். ஒவ்வொரு துகளும் ஒரு முட்டை மாதிரி, மேலே ஓடு, உள்ளே மெழுகு. இதைச் சாந்தில் கலந்து உள்சுவரில் பூசிவிட்டால், அறை சூடாகும்போது உள்ளே இருக்கிற மெழுகு உருகும். உருகுவதற்குச் சூடு வேண்டும், அதை அறையிலிருந்து எடுத்துக்கொள்ளும். கொதிக்கிற தண்ணீருக்கு எவ்வளவு தீ வைத்தாலும் அதற்கு மேல் சூடேறாது இல்லையா, அதே மாதிரி, மெழுகு உருகித் தீரும்வரை சுவரும் சூடேறாமல் நிற்கும். சாயங்காலம் ஜன்னலைத் திறந்துவிட்டால் குளிர்ந்து மறுபடி கட்டியாகும், மறுநாளைக்குத் தயார்.

"எல்லாம் சரி, கலக்கும்போதுதான் கவனம் வேணும்" என்றாள். "சாந்து முழுசாக் கலந்தப்புறம் கடைசியிலதான் இதைப் போடணும். மிஷின் கூடாது. கையால மெதுவா ரெண்டே நிமிஷம். ஓடு உடைஞ்சா மெழுகு வெளிய வந்துடும், அப்புறம் ஒண்ணுத்துக்கும் ஆகாது."

அத்தான் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவள் போன பிறகு என்னைப் பார்த்து, "முட்டையைச் சுவத்துல பூசச் சொல்றாங்க மாப்ளே, கோழியை எங்க கட்டுறது?" என்றார். நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

கேலி செய்தாரே தவிர, விஷயம் அவருக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. சோதனைக்கு இரண்டு வீடு வேண்டும் என்று கம்பெனி கேட்டதும், அதுவரை யாரிடமும் எதற்கும் போய் நிற்காத மனுஷன் மானேஜர் அறை வாசலில் மூன்று நாள் நின்றார். அவர் வீடு கிடைத்தது. இன்னொன்று பக்கத்துக் கோடி வீடு, வாட்ச்மேனுடையது. இரண்டையும் பூசும் வேலை இவருக்கே.

வாட்ச்மேனுக்கும் இவருக்கும் ஆகாது. ஒருநாள் சாயங்காலம் கேட்டில் இவருடைய பையை எல்லோர் முன்னாலும் கொட்டிச் சோதனை போட்டுவிட்டார் அந்த ஆள். யாரோ ஆணி திருடியிருந்தார்கள், எல்லோர் பையையும்தான் கொட்டினார்கள். ஆனால் தரையில் உருண்டது தன்னுடைய ரசமட்டம் என்பதை இவர் மறக்கவே இல்லை.

ஆகவே வாட்ச்மேன் வீட்டை ஒரே நாளில் பூசித் தள்ளினார். சாந்தைக் குழைத்து, மெழுகு மாவைக் கொட்டி, நாலு புரட்டுப் புரட்டி அடித்தார். கட்டி கட்டியாகத் தெரிந்தது. மட்டப்பலகை போட்டு இழுத்ததோடு சரி, தேய்க்கக்கூட இல்லை. வாட்ச்மேனின் மனைவி பார்த்துவிட்டு, "என்னங்க இது, சொறி பிடிச்ச மாதிரி இருக்கு?" என்று கேட்டதற்கு, "இந்த மருந்து இப்படித்தான்மா இருக்கும்" என்று கூசாமல் சொன்னார்.

தன் வீட்டின் முறை வந்தபோது ஸ்டோருக்கு வந்து ட்ரில் மிஷினும், அதன் நுனியில் மாட்டிக் கலக்கும் துடுப்பும் கேட்டார்.

"அந்தப் பொண்ணு மிஷின் கூடாதுன்னுச்சே அத்தான்."

"அது கை பழகாதவனுக்குச் சொன்னது. ரெண்டு நிமிஷத்துல காப்பியே கலக்க முடியாது, சாந்து கலக்குறாங்களாம். உங்க அக்காவுக்குப் பூசறேன் மாப்ளே. வெண்ணெய் மாதிரி வர வேணாமா?"

எடுத்துக் கொடுத்தேன். பெரியவர், தொழில் தெரிந்தவர், அக்காவுக்காகக் கேட்கிறார் என்று நினைத்தேன். ஒவ்வொரு தொட்டிக்கும் கால் மணி நேரம் மிஷின் ஓடியது. மாவைச் சாந்தோடு சேர்த்தே போட்டு, ஒரு கட்டி கண்ணில் படாதவரை அரைத்தார். மூன்று நாள் பூசினார். முடித்ததும் அக்காவைக் கூப்பிட்டுக் கன்னத்தைச் சுவரில் வைத்துப் பார்க்கச் சொன்னார். அவள் வைத்துப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெட்கத்தைக் கல்யாண நாளில்கூட நான் பார்க்கவில்லை.

வெயில் தொடங்கியது. நான் வழக்கம்போல் அவளைக் கூட்டிப்போகப் போனேன். அத்தான் முகம் சிவந்துவிட்டது. "எதுக்கு? சுவர் எதுக்குப் பூசியிருக்கு? உங்க வீட்டு மரத்தை விட என் சுவர் மட்டமா?" என்றார். அக்காவும் அவர் பக்கமே பேசினாள். இங்கேயே இருக்கிறேன், குளுகுளுவென்று இருக்கிறது என்றாள்.

பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம் கணக்கெடுப்புக்காக அந்தப் பக்கம் போன நான், சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே நுழைந்தேன். அடுப்படிக்குள் போன மாதிரி இருந்தது. மெழுகுவத்தி அணைந்தால் வருமே ஒரு வாடை, அது வீடு முழுக்க. அக்கா ஒரு பழைய துணியால் சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சுவரில் எண்ணெய் பூத்த மாதிரி ஒரு பளபளப்பு, கீழே தரையோரம் பிசுபிசுப்பு.

"என்னக்கா இது?"

"சுவருக்கு வேர்க்குதுடா. எனக்கும் சேத்து அது வேர்க்குது" என்று சிரித்தாள். உதடு வெடித்திருந்தது.

"கிளம்பு. இப்பவே கிளம்பு."

"கத்தாதே. அவர் வர்றதுக்குள்ள துடைச்சிடறேன். ஜில்லுன்னு இருக்குன்னு சொல்லியிருக்கேன், நீ போய் உளறி வைக்காதே."

"உனக்குப் பைத்தியமா?"

"இத்தனை வருஷத்துல எனக்குன்னு அவர் செஞ்சது இது ஒண்ணுதான்டா" என்றாள் அக்கா. "அதையும் நல்லா இல்லன்னு எந்த வாயால சொல்ல?"

என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். நானும் கொடுத்தேன். தினமும் சாயங்காலம் அவர் வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் சுவரில் கையை வைத்து, "எப்படி?" என்பார். அவள், "ஜில்லுன்னு இருக்குங்க" என்பாள். வெயிலில் வெந்து வருகிறவருக்கு எதைத் தொட்டாலும் குளிர்ச்சிதான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அவள் முட்டாள் இல்லை. பிழைக்க ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். வாட்ச்மேன் வீட்டுச் சுவர் சொன்னபடி வேலை செய்தது. கட்டியும் முட்டியுமாக, பார்க்கச் சகிக்காமல், மத்தியானம் இரண்டு மணிக்குக் கை வைத்தால் மண்பானை போல் இருந்தது. வாட்ச்மேனின் மனைவி, "இங்க வந்து உக்காரு தங்கச்சி" என்று ஒருநாள் கூப்பிட்டாள். அதிலிருந்து மின்சாரம் போனதும் அக்கா அங்கே போய்விடுவாள், வந்ததும் திரும்பிவிடுவாள். மூன்று வாரம் அப்படி ஓடியது. எனக்கும் நிம்மதியாக இருந்தது.

ஒருநாள் அத்தான் கையில் காயம் பட்டு மத்தியானமே வீட்டுக்கு வந்தார். வீடு பூட்டியிருந்தது. அக்கா பக்கத்து வீட்டுச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, வாட்ச்மேனின் மனைவி சொன்ன எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். வாசலில் நின்று அதைப் பார்த்தவர் அப்படியே திரும்பி வீட்டுக்கு வந்தார். பின்னாலேயே ஓடிவந்தவளிடம் சொன்னதை வாட்ச்மேனின் மனைவி காதால் கேட்டிருக்கிறாள்.

"நான் மூணு நாள் முதுகு ஒடியப் பூசின சுவத்தை விட்டுட்டு, அந்தப் பன்னாடை வீட்டுச் சுவத்துல போய்ச் சாஞ்சிருக்கே. நாளைக்கு ஊர் என்ன பேசும்? ரசமட்டம் பொண்டாட்டியே அவன் வேலையை நம்பலன்னு பேசுமா பேசாதா?"

"சும்மா பேசிட்டிருக்கத்தாங்க போனேன்."

"அப்ப இங்க சூடு இல்லையே?"

"இல்லைங்க. ஜில்லுன்னுதான் இருக்கு."

"அப்புறம் எதுக்கு அங்க? இனிமே அந்தப் படியை மிதிக்காதே."

அவள் மிதிக்கவில்லை. அடுத்த இரண்டு நாளும் வாட்ச்மேனின் மனைவி வந்து கதவைத் தட்டியிருக்கிறாள். உள்ளேயிருந்தே, "வேணாங்க்கா, இங்கயே நல்லாத்தான் இருக்கு" என்று பதில் வந்திருக்கிறது. மூன்றாம் நாள் பதில் வரவில்லை.

அன்றைக்கு அத்தான் நாலாவது மாடிச் சாரத்தின் மேல் நின்று வெளிப்பூச்சு பூசிக்கொண்டிருந்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கேட்டை விட்டு நகராத வாட்ச்மேன், மனைவி போன் செய்ததும் கேட்டை ஆளில்லாமல் திறந்து போட்டுவிட்டு ஓடிவந்தார். கீழே நின்று, "யோவ், இறங்குய்யா! சீக்கிரம் இறங்கு!" என்று கத்தினார். கூப்பிடுவது யார் என்று எட்டிப் பார்த்த இவர், "பூச்சு காயுதுய்யா, முடிச்சிட்டுத்தான் வருவேன்" என்று திரும்பிக்கொண்டார். கீழே ஓடிய கலவை மிஷின் சத்தத்தில் மற்றது எதுவும் மேலே கேட்கவில்லை. அறுபது வயது வாட்ச்மேன் சாரத்தைப் பிடித்து நாலு மாடி ஏறி, அவர் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கி எறிந்த பிறகுதான் விஷயம் புரிந்தது.

வாட்ச்மேன் ஓடும்போதே ஸ்டோர் வாசலில் எனக்கும் குரல் கொடுத்திருந்ததால், நான் அவர்களுக்கு முன்னாலேயே போய்விட்டேன். கதவை உடைத்திருந்தார்கள். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், கண் பாதி திறந்திருந்தது, மூச்சு இருந்தது. தூக்குவதற்காக முதுகுக்குப் பின்னால் கையைக் கொடுத்தேன். ரவிக்கை முழுக்க நனைந்திருந்தது. வேர்த்துவிட்டது, அக்காவுக்கு வேர்த்துவிட்டது, பிழைத்துக்கொள்வாள் என்று ஒரு கணம் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். கையை எடுத்துப் பார்த்தேன். விரல்களில் மெழுகு மினுங்கியது.

ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் போய்விட்டாள். உடம்புச் சூட்டைப் பார்க்கிற கருவியில் நர்ஸ் எண்ணைப் படித்துவிட்டு, கருவி கெட்டுவிட்டதோ என்று உதறி மறுபடி வைத்துப் பார்த்தாள்.

பத்து நாள் கழித்து இன்ஜினியர் பொண்ணு வந்தாள். தலையைக் குனிந்து துக்கம் கேட்டாள். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, இரண்டு வீட்டுச் சுவரிலிருந்தும் ஒரு சில்லு எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். வேலையைத்தான் செய்தாள், அவளைக் குற்றம் சொல்ல முடியாது. இருந்தாலும் கையில் உளியோடு துக்கம் கேட்க வந்தவளை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஜன்னல் ஓரம் வைத்து ஒரு பூதக்கண்ணாடியில் பார்த்தாள். சில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல ஒரு ஓடு கூட முழுசா இல்லையே. எல்லாம் பொடியா இருக்கு. எவ்வளவு நேரம் அண்ணா கலக்கினீங்க?"

"கால் மணி" என்றார் அத்தான். "மிஷின் போட்டு. ஒரு கட்டி இருக்காது."

"பக்கத்து வீட்டுக்கு?"

"அவனுக்கா? நாலு புரட்டு. ரெண்டு நிமிஷம்கூட இருக்காது."

அவள் இரண்டையும் எழுதிக்கொண்டாள். "ரெண்டு வீட்டுலயும் நான் மாட்டின சூட்டுக்கருவியை இப்பதான் எடுத்துப் பார்த்தேன், அந்த வீட்டு அறை எல்லா நாளும் இதை விட நாலஞ்சு டிகிரி கம்மியா இருந்திருக்கு. ஒரே மூட்டை, ஒரே கை, கலக்கினது மட்டும் வேற. இந்த மாதிரி ஒப்பிட்டுப் பார்க்க வேற எங்கயும் கிடைக்காது அண்ணா, ரொம்ப உபயோகமா இருக்கும்" என்றாள். சொன்ன பிறகுதான் தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள். பகையாளிக்கு ஏனோதானோவென்று அடித்த சுவர் அந்தக் குடும்பத்தையே காத்து நிற்கிறது, பெண்டாட்டிக்குப் பார்த்துப் பார்த்துக் குழைத்த சுவர் அவளைத் தின்றுவிட்டது. இதை அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். பத்து நாளாக எனக்குள் கொதித்ததை வேறு எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? அவருக்கு வலிக்க வேண்டும். அதற்காகவே அக்காவுக்குச் செய்த சத்தியத்தை மீறினேன்.

"அந்தச் சுவர் ஒரு நாள்கூடக் குளிரல அத்தான். அக்கா உங்ககிட்டப் பொய் சொன்னா. தினமும் துடைச்சித் துடைச்சி மறைச்சா. உங்க மனசு நோகக் கூடாதுன்னு பொய் சொல்லிச் சொல்லியே செத்தா."

அவர் திடுக்கிடவில்லை. சில்லு பெயர்த்த இடத்தைத் தடவிக்கொண்டு நின்றிருந்தார். பள்ளத்தின் ஓரத்தைப் பெருவிரலால் சரிசெய்துகொண்டே, "தெரியும் மாப்ளே" என்றார்.

"என்ன தெரியும்?"

"முப்பது வருஷமாச் சுவத்தைத் தொடறவன். சூடு தெரியாதா எனக்கு? ரெண்டாவது வாரமே தெரியும்."

தெரிந்துதான் அவளைப் பக்கத்து வீட்டுப் படியிலிருந்து இழுத்து வந்து உள்ளே உட்காரவைத்தாரா? "அப்புறம் ஏன் அத்தான்?" என்று கேட்டேன்.

அவர் பெருவிரலில் ஒட்டிய மெழுகைத் துடைத்தார். பிறகு, "அவ ஜில்லுன்னு இருக்குன்னு சொல்றப்போ, கேக்க நல்லா இருந்துச்சு" என்றார்.

அடிக்கக் கையை ஓங்கிவிட்டேன். அவர் முகத்தைத் திருப்பவில்லை, கண்ணைக்கூட மூடவில்லை, அடி விழட்டும் என்று நின்றார். என் கை அப்படியே நின்றது. சுவர் சுடுகிறது என்று அக்காவுக்குத் தெரியும், அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நாங்கள் இருவரும் தினமும் வேலைக்குப் போய்விட்டோம்.